மகப்பேறு மருத்துவமும் அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலையும்: பெங்களூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சுரங்கத்தில் ஃபிட்டர். பெங்களூரில் எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருந்த சமயம், 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி கிளினிக் வைக்கும் யோசனையும் அதோடு போயிற்று. மகப்பேறு மருத்துவத்தில் மேல்படிப்பு முடித்து, இருபது வருடமாக இங்கேயே ஒரு மருத்துவக் கல்லூரியில் வைத்தியமும் பார்க்கிறேன், பாடமும் நடத்துகிறேன். அல்சூர், சிவாஜிநகர், தங்கவயல் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கல்யாண வீட்டிலும் ஓ.பி.யிலும் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

பொண்ணு டாக்டராகி, பிரசவம் பார்க்கிற டாக்டரும் ஆக எத்தனை வருஷம் ஆகும் மேடம்?

பன்னிரண்டாவது முடித்தபின் எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், பயிற்சி ஒரு வருடம். அப்புறம் மகப்பேறு மேல்படிப்பு மூன்று வருடம். எம்.டி., எம்.எஸ். என்று பெயர்தான் மாறும், படிப்பு ஒன்றே. தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி.யும் இதற்குச் சமமானதுதான். நடுவில் நுழைவுத்தேர்வுக்கு ஒன்றிரண்டு வருடம் போவது சகஜம். ஆக, பதினெட்டு வயதில் நுழையும் பெண் தனியாகக் கத்தி பிடிக்க இருபத்தெட்டு, இருபத்தொன்பது ஆகிவிடும். கர்நாடகத்தில் 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு ஒரு வருடக் கிராமப்புறப் பணிக்கு அழைக்கலாம். அதையும் கணக்கில் வையுங்கள். அந்த வருடத்தை வீண் என்று நினைக்காதீர்கள். தாலுகா ஆஸ்பத்திரியில் ராத்திரி தனியாக நிற்கும்போது வரும் பயம் வேறு எங்கும் கிடைக்காத பாடம்.

வீட்டில் தமிழ் பேசுகிறோம். கர்நாடகக் கோட்டாவில் சீட் கிடைக்குமா?

வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எங்கே படித்தீர்கள் என்பதுதான் கேள்வி. பொதுவாக, ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் பி.யு.சி. (அதாவது பன்னிரண்டாவது) வரைக்குள் ஏழு வருடமாவது கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும். நீட் மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடத்துவது கர்நாடகத் தேர்வு ஆணையம். ஒன்பதாவது வரை ஓசூரில் படிக்கவைத்துவிட்டு அப்புறம் இங்கே கூட்டிவரும் வீடுகளில் இந்த ஏழு வருடக் கணக்கு இடிக்கும். முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் மகப்பேறு கற்க நல்ல இடம் எது?

பிரசவங்கள் நிறைய நடக்கும் இடம் எதுவோ அது. கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில் கோட்டையை ஒட்டியிருக்கும் வாணிவிலாஸ் ஆஸ்பத்திரி 1935-இல் திறந்தது. 1955-இல் தொடங்கிய பெங்களூர் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. சிவாஜிநகரில் பௌரிங், கோரமங்களாவில் 1963-இல் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ் என்று இன்னும் பல உண்டு. பெரும்பாலான கல்லூரிகள் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அங்கே படிக்கும் இரண்டாம் வருட பி.ஜி. மாணவி ஒருத்தியிடம், "நீயே கையால் எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறாய்?" என்று கேளுங்கள். அவள் முகம் சொல்லிவிடும்.

கன்னடம் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியாது. ஆனால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய மலை இல்லை. வலிக்கு அங்கேயும் 'நோவு'தான். பிள்ளை வரும் நேரத்தில் "முக்கும்மா, முக்கு" என்று கத்தினால் இரண்டு மொழிக்காரர்களும் முக்குவார்கள். ஏமாற்றும் சொற்களும் உண்டு. கன்னடத்தில் 'உசிரு' என்றால் மூச்சு. "உசிரு ஆடல்ல" என்று ஒரு பெண் சொன்னதும் ஒரு தமிழ்ப் பயிற்சி மருத்துவர் பதறி, ஸ்ட்ரெச்சரே கொண்டுவந்துவிட்டார். அவளுக்கு மூச்சுத் திணறல். பதறியதும் தப்பில்லைதான்.

உண்மையில் தடுக்கி விழுவது நம் தமிழிலேயேதான். அல்சூரிலிருந்து வந்த ஒரு பெண், "ரெண்டு மாசமா முழுகாம இருக்கேன்" என்றாள். வடக்கிலிருந்து வந்த மாணவருக்கு நர்ஸ் ஒருவர் அவசரத்தில் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தார். கேஸ் ஷீட்டில், 'இரண்டு மாதமாகக் குளிக்கவில்லை, சுத்தம் போதாது' என்று எழுதியிருந்தது. ரவுண்ட்ஸில் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வாரக் கர்ப்பம். ஒவ்வொரு புது பேட்ச் வரும்போதும் இந்தக் கதையைச் சொல்கிறேன். 'தூரம்', 'தலைக்குக் குளித்தது', கன்னடத்தில் 'முட்டு', சிவாஜிநகர் தக்னி உருதுவில் 'மஹினா' எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். மாதவிலக்கை அந்தப் பெயரிலேயே சொல்லும் நோயாளியை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிரசவம் பார்ப்பது மட்டும்தானே உங்கள் வேலை?

இல்லை. நீர்க்கட்டி, கர்ப்பப்பைக் கட்டி, குழந்தையின்மை, அடி இறங்குதல், மாதவிலக்கு நின்றபின் வரும் தொல்லைகள், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை, கருத்தடை, கருக்கலைப்பு எல்லாம் இதில் அடக்கம். 1971-இன் கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதியில் சொன்ன சில நிலைகளில் உள்ளவர்களுக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். கல்யாணம் ஆகாத பெண்களும் அதற்குள் அடங்குவார்கள் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதைப் பாடமாகச் சொன்னால் மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். ஓ.பி.யில் செய்வார்களா என்பது வேறு விஷயம். வயிற்றுவலியோடு பத்தொன்பது வயதுப் பெண், பக்கத்தில் அம்மா. மாணவர் கேட்பது, "கல்யாணம் ஆச்சா?" நம் ஊரில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் வேறு என்று எல்லோருக்கும் தெரியும். கன்னடத்தில் "மதுவெ ஆகிதெயா?" என்றாலும் அதேதான். அம்மா முன்னால் அவள் "இல்ல" என்று சொல்லியே ஆகவேண்டும். அந்த "இல்ல"வை நம்பிக் கர்ப்பப் பரிசோதனையை விட்டுவிட்டால், கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து உள்ளே ரத்தம் நிறையும்வரை யாருக்கும் தெரியாது. அதனால், "எடை பார்க்கணும், நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்று அம்மாவை அனுப்பக் கற்றுக்கொடுக்கிறேன். எடை இயந்திரத்தை அதற்காகவே திரைக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். கதவு மூடியபின் கேட்கவேண்டியதை நேராகக் கேட்கலாம்.

பையன் இந்தத் துறைக்கு வரலாமா? பெண்கள் ஒத்துக்கொள்வார்களா?

தாராளமாக வரலாம். சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரும், 27 வருடம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்த ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் மகப்பேறு மருத்துவர்தான். பரிசோதிக்கும்போது பக்கத்தில் ஒரு பெண் உதவியாளர் இருக்க வேண்டும், அவ்வளவே. என் யூனிட்டில் மிக மெதுவாக, மிகப் பொறுமையாகப் பரிசோதிப்பவர் ஒரு பையன். 'நமக்கு உரிமை இருக்கிறது' என்று நினைக்காமல் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுச் செய்கிறார். பெண் மாணவிகள் சிலர் 'நாமும் பெண்தானே' என்று அதை விட்டுவிடுகிறார்கள்.

தனியாக நர்சிங் ஹோம் வைத்துச் சம்பாதிக்காமல் ஏன் பாடம் நடத்தப் போனீர்கள்?

கோபத்தில் போனேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நான் பி.ஜி.யாகப் பயிற்சி பெற்ற ஓர் ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) வலியில் கத்திய ஒரு பெண்ணின் தொடையில் சீனியர் ஒருவர் பளார் என்று அடித்தார். "புருஷன்கிட்ட போகும்போது இந்தச் சத்தம் வரலையா?" என்றும் கேட்டார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. மூன்று மாதம் கழித்து அதே வசனம் என் வாயிலிருந்தே வந்தது. யாரும் அதை எனக்குப் பாடமாக நடத்தவில்லை. பார்த்தே கற்றுக்கொண்டிருந்தேன். பார்த்தே இது வருமென்றால், பார்த்தே வேறு ஒன்றும் வரவேண்டும் அல்லவா? அப்படித்தான் இந்தப் பக்கம் வந்தேன்.

இப்போது நிலைமை கொஞ்சம் தேவலை. 2017-இல் வந்த மத்திய அரசின் 'லக்ஷ்யா' திட்டம் பிரசவ அறையில் மரியாதையாக நடத்துவதையும், கூட ஒரு துணை இருப்பதையும் தரக்கணக்கில் சேர்த்தது. 2019-இல் மாறிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியோடு பேசும் முறையும் அறநெறியும் தனிப் பகுதியாகவே வந்துவிட்டன. ஆனால் பாடத்திட்டத்தில் இருப்பது வேறு, ராத்திரி மூன்று மணிக்கு வார்டில் நடப்பது வேறு. அதை நாங்கள் நின்றுதான் பார்க்க வேண்டும்.

லேபர் வார்டில் அப்படி என்னதான் சொல்லிக்கொடுப்பீர்கள்? எல்லாம் புத்தகத்தில் இருக்கிறதே?

ஒன்று மட்டும் சொல்கிறேன். பிள்ளை பிறந்தபின் வரும் ரத்தப்போக்கு. சுகப்பிரசவத்தில் 500 மில்லிக்கு மேல் போனால் அபாயம் என்று புத்தகத்தில் இருக்கிறது, எல்லோரும் ஒப்பிப்பார்கள். அந்த 500 மில்லி துணியில் ஊறிக் கிடந்தால் எப்படி இருக்கும் என்று தெரியுமா?

புது பேட்ச் வரும்போது வீட்டிலிருந்து மஞ்சளும் சுண்ணாம்பும் கொண்டுபோவேன். ஆரத்தித் தண்ணீர்தான். பக்கெட்டில் கரைத்து, அளவு ஜாடியில் சரியாக 700 மில்லி எடுத்து, மாணவர்கள் வருவதற்குள் கட்டில் விரிப்பிலும் இரண்டு பேடிலும் ஊற்றிவைப்பேன். கொஞ்சம் தரையிலும் விடுவேன், கட்டிலுக்கு அடியில். உள்ளே வந்ததும் ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் எத்தனை மில்லி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். போன முறை வந்த பதில்கள்: 200, 250, 300, 300, 150. ஒருத்தி மட்டும் 600 எழுதினாள். எப்படி என்று கேட்டேன். "எங்க வீட்ல ஹோட்டல் மேடம், சாம்பார் கொட்டினா எவ்ளோன்னு தெரியும்" என்றாள். கட்டிலுக்கு அடியில் யாரும் குனிந்து பார்க்கவில்லை, அவளைத் தவிர.

கண்மதிப்பு குறைத்தே காட்டும். ரத்தப்போக்கு கூடக்கூடத் தப்பும் கூடும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்தபின் கர்ப்பப்பை கல் மாதிரி இறுகாவிட்டால் யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. நம் பெண்களில் 15 முதல் 49 வயதுக்குள் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. மற்றவர்கள் தாங்கும் இழப்பை அவர்கள் தாங்கமாட்டார்கள்.

அதனால்தான் அளவு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. இடுப்புக்கடியில் விரித்தால் ரத்தம் கீழே பையில் சேரும், கோட்டைப் பார்த்து அளவைப் படிக்கலாம். இந்த வகை விரிப்பை வைத்து நம் பெலகாவி மாவட்டத்திலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கிராமத்தில் துணைச் செவிலியர்கள் பிரசவம் பார்த்த 1620 பெண்களில் பாதிப் பேருக்குக் கர்ப்பப்பையை இறுகவைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை, மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. அதிக ரத்தப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாக இறங்கியது. 2006-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிறகு நான்கு ஆப்பிரிக்க நாடுகளில், விரிப்பால் அளந்து, மசாஜ், மருந்து, டிரிப் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடங்கும் முறையைச் சோதித்தார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வரும் கேடுகளும் 60 சதவீதம் குறைந்ததாக 2023-இல் முடிவு வந்தது. மருந்து எதுவும் புதிதில்லை. தாமதிக்காமல் கண்டுபிடித்ததுதான் புதிது.

2018–20 கணக்கில், உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, கர்நாடகத்தில் 69, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. தெற்கில் நாங்கள்தான் கடைசி. அதனால்தான் ஆரத்தித் தண்ணீரை இன்னும் கரைத்துக்கொண்டிருக்கிறேன்.

மாணவர்கள் என் மகளைப் பரிசோதிக்க வேண்டாம் என்று சொல்லலாமா? சொன்னால் வைத்தியம் குறையுமா?

சொல்லலாம். குறையக் கூடாது. 'டீச்சிங் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாயே' என்று யாராவது சொன்னால் அது தப்பு. மாணவர் தன் பெயரையும் எந்த வருடம் படிக்கிறார் என்பதையும் சொல்லி, அனுமதி கேட்க வேண்டும். மயக்கம் கொடுத்தபின் கற்றுக்கொள்வதற்காக உள்பரிசோதனை செய்வதென்றால், முன்னதாகவே கேட்டு வாங்கிய சம்மதம் இல்லாமல் என் யூனிட்டில் நடக்காது. ஒரு கைக்கு மேல் இன்னொரு கை என்று ஐந்து பேர் வரிசையில் நிற்பதும் கிடையாது.

கேட்டால் எல்லோரும் மறுப்பார்கள் என்று என் சீனியர்கள் பயமுறுத்தினார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. "படிக்கிற புள்ளைங்கதானே, பாக்கட்டும்" என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

இப்போதெல்லாம் எல்லாமே சிசேரியன். பிள்ளைகளுக்குச் சுகப்பிரசவம் பார்க்கத் தெரியுமா?

நியாயமான கவலை. அதே 2019–21 கணக்கெடுப்பில் இந்தியாவில் 21.5 சதவீதம், கர்நாடகத்தில் 31.5, தமிழ்நாட்டில் 44.9 சதவீதம் பிரசவங்கள் அறுவையில் நடந்தன. முதல் பிரசவம் சிசேரியன் என்றால் அடுத்ததும் பெரும்பாலும் அதுவே. ஆயுதம் போட்டு எடுக்கும் கை, கால் முன்னால் வரும் குழந்தையை எடுக்கும் கை எல்லாம் எங்கள் தலைமுறையோடு போய்விடுமோ என்று எனக்கும் பயம். பொம்மை வைத்துக் கற்றுக்கொடுக்கிறோம். பொம்மை கத்தாது, நெளியாது.

பழியை மருத்துவர் தலையில் மட்டும் போடவும் கூடாது. பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு ஓ.பி.க்கு வரும் மாமனார்கள் உண்டு. சித்திரையில் பிள்ளை பிறக்கக் கூடாது என்பதற்காக, பங்குனியிலேயே எடுத்துவிடச் சொன்ன குடும்பத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு குழந்தை சித்திரை மூன்றாம் தேதி சுகமாகப் பிறந்தது. தாத்தாதான் லட்டு கொண்டுவந்தார்.

நம்மவங்கதானே மேடம், என்ன குழந்தைன்னு மட்டும் சொல்லக் கூடாதா?

கூடாது. 1994-இன் சட்டப்படி கேட்பதே குற்றம், சொல்வது மூன்று வருடம் வரை சிறை. என் தம்பி மனைவிக்கே சொல்லவில்லை. ஒரு பொங்கலுக்கு அவள் என்னோடு பேசவில்லை.

மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக என்ன தகுதி வேண்டும்?

மேல்படிப்புக்குப் பின் ஒரு வருடம் சீனியர் ரெசிடென்ட். அப்புறம் உதவிப் பேராசிரியர். தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி நான்கு வருடத்தில் இணைப் பேராசிரியர், அதன்பின் மூன்று வருடத்தில் பேராசிரியர். நடுவில் ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும். மருத்துவக் கல்வி முறைகளில் ஒரு அடிப்படைப் பயிற்சி முடிக்க வேண்டும். சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இணையத்தில் நடத்தும் ஆய்வு முறைப் படிப்பும் உண்டு. 2025-இல் விதிகளைத் தளர்த்தி, கற்பித்தல் இல்லாத அரசு ஆஸ்பத்திரி நிபுணர்களுக்கும் வழி திறந்திருக்கிறார்கள். கற்பிப்பதையே ஆழமாகப் படிக்க நினைத்தால், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் மருத்துவ ஆசிரியர்களுக்கு நடக்கும் ஃபெய்மர் பயிற்சியைப் பாருங்கள்.

சம்பளம்?

தனியாகப் பார்ப்பவர்களைவிடக் குறைவு. என் பேட்ச் தோழிகளின் காரைப் பார்த்தாலே தெரியும்.

லண்டன் பட்டம் வேண்டுமா?

அதாவது லண்டன் ராயல் கல்லூரியின் மகப்பேறு பட்டமான எம்.ஆர்.சி.ஓ.ஜி. மூன்று கட்டத் தேர்வு. படித்தால் யோசனை ஒழுங்காகும். ஆனால் இங்கே ஆசிரியராக அது கட்டாயமில்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் எண்ணம் இல்லாவிட்டால், அந்தப் பணத்தைப் புற்றுநோய் அறுவையிலோ கருவில் இருக்கும் குழந்தையின் மருத்துவத்திலோ மேல்பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். பெங்களூரிலேயே கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி போன்ற இடங்கள் இருக்கின்றன.

கல்யாணம், குழந்தை எல்லாம் எப்படி?

பி.ஜி. இரண்டாம் வருடத்தில் எனக்கு மகன் பிறந்தான். பேறுகால விடுப்பில் போனதால் ஆறு மாதம் தள்ளித்தான் பரீட்சை எழுதினேன். 'வசதியான நேரம்' என்று ஒன்று வரும் எனக் காத்திருக்காதீர்கள். வயது முப்பத்தைந்தைத் தாண்டினால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நாங்களே அதில் மாட்டிக்கொள்கிறோம். என் மாமியார் இல்லாவிட்டால் நான் இல்லை. அவருக்கு நான் எத்தனை புடவை எடுத்துக்கொடுத்தாலும் தீராது.

பி.ஜி. பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கும்போது, ராத்திரி போன் வந்தால் நீங்கள் ஏன் ஓட வேண்டும்?

இது என் அம்மாவின் கேள்வி. இன்றும் கேட்கிறார்.

"மேடம், கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று ஒரு மாணவி கூப்பிட எவ்வளவு யோசித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். நான் பி.ஜி.யாக இருந்தபோது, திட்டு விழுமென்று பயந்து ஒரு மணி நேரம் கூப்பிடாமலே இருந்திருக்கிறேன். அந்தத் தாய் பிழைத்தார், கர்ப்பப்பை போயிற்று. அதனால் என் யூனிட்டில் தேவையில்லாமல் கூப்பிட்டதற்காக யாரையும் திட்டுவதில்லை. கூப்பிடாததற்குத் திட்டுவேன், நன்றாகவே.

போன வாரம் ராத்திரி இரண்டே முக்காலுக்குப் போன். நஞ்சுக்கொடி இருபத்தைந்து நிமிடமாக வரவில்லை என்றாள் முதல் வருட மாணவி. காலி சாலையில் பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். வண்டியை நிறுத்துவதற்குள் நஞ்சுக்கொடி முழுதாக வந்துவிட்டிருந்தது. விரிப்புப் பையில் 280 மில்லி. அவள் "சாரி மேடம்" என்றாள். தாயி கார்டில் (கர்ப்பிணிகளுக்கு இங்கே கொடுக்கும் பதிவு அட்டை) என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்த்தேன், சரியாகவே எழுதியிருந்தாள். கேன்டீன்காரர் ஃபிளாஸ்கில் வைத்திருந்த டீயை இரண்டு பேரும் குடித்தோம். நாலு மணிக்கு வீடு வந்து படுத்தேன்.